விதைக்குப் பட்டா யார் பெயரில்?

(ஜவ்வாது மலையில் மலைவாழ் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள், விடுமுறைக்கு ஊர் திரும்பிய ஆலைத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



நிலத்துக்குப் பட்டா என்றால் என்னவென்று இந்த மலையில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டன் உழுத கொல்லையைக் காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் காட்டிலாகாவின் நிலம் என்று சொல்லக் கேட்டவர்கள் நீங்கள். 2006-ம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் அந்தக் காகிதத்துக்காக எத்தனை முறை மலை இறங்கி ஏறினீர்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று நான் பேச வந்தது இன்னொரு பட்டாவைப் பற்றி. நிலத்தில் போடுகிற விதைக்கும் இப்போது பட்டா உண்டு.

விதைக்குப் பட்டாவா என்று பின்வரிசையில் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். பக்கத்து வீட்டில் ஒரு படி சாமை விதை வாங்கி, அறுவடை முடிந்ததும் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பிக் கொடுக்கிற ஊரில், விதைக்குச் சொந்தக்காரன் ஒருவன் உண்டு என்றால் சிரிப்புதான் வரும். ஆனால் சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறது. கோர்ட்டுகளில் வழக்கும் நடந்திருக்கிறது.

1995 ஜனவரி 1-ந் தேதி உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதில் சேர்ந்த நாடுகள் பயிர் ரகங்களுக்குச் சொத்துரிமை கொடுத்தாக வேண்டும். அதைக் காப்புரிமையாகக் கொடுக்கலாம், அல்லது தனிச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்பது ஒப்பந்தம். இந்தியா தனிச் சட்டம் போட்டது. 2001-ம் ஆண்டின் ‘பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம்’ என்பது அதன் பெயர். ஒரு கம்பெனியோ, பல்கலைக்கழகமோ, தனி ஆளோ புதிய ரகம் ஒன்றை உண்டாக்கிப் பதிவு செய்து கொண்டால், சாதாரணப் பயிருக்கு 15 ஆண்டுகள், மரத்துக்கும் கொடிக்கும் 18 ஆண்டுகள் அந்த ரகத்தின் விதையை உற்பத்தி செய்யவும் விற்கவும் அவருக்கே ஏகபோக உரிமை. அதுதான் நான் சொன்ன பட்டா.

இவ்வளவுதான் சட்டம் என்றால் நம் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் பெயரிலேயே ‘விவசாயிகள் உரிமை’ என்று இரண்டு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அவை தானாக வந்து சேரவில்லை. 1992 டிசம்பரில் கர்நாடக விவசாயிகள் பெங்களூரில் கார்கில் விதைக் கம்பெனியின் அலுவலகத்துக்குள் புகுந்து, கோப்புகளை வெளியே அள்ளிப் போட்டுக் கொளுத்தினார்கள். மறு ஆண்டு அக்டோபரில் அதே நகரத்தில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். கட்சிகளும் விவசாயிகள் சங்கங்களும் அறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகுதான் அந்தச் சட்டத்தில் 39-வது பிரிவு இடம்பெற்றது.

அந்தப் பிரிவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பதிவு செய்யப்பட்ட ரகமாகவே இருந்தாலும், ஒரு விவசாயி தன் நிலத்தில் விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிர்ந்து கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஒன்று மட்டும் கூடாது: பையில் அடைத்து, பெயர்ச் சீட்டு ஒட்டி, பிராண்ட் விதையாக விற்கக்கூடாது. மற்றபடி இந்தச் சட்டம் வருவதற்கு முன் என்னவெல்லாம் செய்துவந்தாரோ அதையெல்லாம் செய்யலாம்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அமெரிக்காவைப் பாருங்கள். இண்டியானா மாநிலத்தில் பௌமன் என்று ஒரு வயதான விவசாயி. தானியக் கிடங்கில் தீவனத்துக்காக விற்கிற சோயா மொச்சையை விலை கொடுத்து வாங்கி, அதையே விதைத்து, விளைந்ததில் விதை எடுத்து மறுபடி விதைத்தார். அந்த மொச்சையில் மான்சாண்டோ கம்பெனியின் காப்புரிமை பெற்ற குணம் இருந்தது. கம்பெனி வழக்குப் போட்டது. 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகக் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 84,000 டாலருக்கு மேல் அவர் கட்ட வேண்டும் என்பதும் உறுதியானது. காசு கொடுத்து வாங்கியதை விதைத்ததற்கு இந்தத் தண்டனை!

நம் நாட்டில் அப்படி நடக்காது, 39-வது பிரிவு இருக்கிறதே என்று தோழர்கள் கேட்கலாம். குஜராத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

கடையில் பத்து ரூபாய்க்கு லேஸ் என்று ஒரு சிப்ஸ் பொட்டலம் தொங்குகிறதல்லவா? அதற்கென்று பெப்சி கம்பெனி எஃப்.எல். 2027 என்ற ஓர் உருளைக்கிழங்கு ரகத்தை வைத்திருக்கிறது. 2016-ல் அதைப் பதிவு செய்துகொண்டது. ஒப்பந்தம் போட்ட விவசாயிகளுக்கு விதைக்கிழங்கு கொடுத்து, விளைந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது அதன் முறை. கிழங்கு பூட்டி வைக்கிற பொருளா? கைமாறிக் கைமாறி ஒப்பந்தத்தில் இல்லாத விவசாயிகளின் வயலுக்கும் போய்ச் சேர்ந்தது. 2019 ஏப்ரலில் சபர்காந்தா பகுதியைச் சேர்ந்த நான்கு சிறு விவசாயிகள் மீது அகமதாபாத் கோர்ட்டில் கம்பெனி வழக்குப் போட்டது. ஆளுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கேட்டது. மூன்று நான்கு ஏக்கர் வைத்திருப்பவன் தலைமுறை தலைமுறையாக உழுதாலும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்ப்பானா?

கோர்ட்டும் முதலில் இடைக்காலத் தடை கொடுத்தது. பிறகு கம்பெனி சமாதானம் பேசியது. எங்களோடு ஒப்பந்தத்துக்கு வாருங்கள், அல்லது இனி இந்த ரகத்தைப் பயிரிட மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள், வழக்கை விட்டுவிடுகிறோம் என்றது. வழக்கின் நோக்கம் பணம் அல்ல என்பது இதிலேயே விளங்குகிறது. நாடெங்கும் விவசாயிகள் சங்கங்கள் கிளம்பின. கம்பெனிப் பண்டங்களை வாங்காதீர்கள் என்று குரல் எழுந்தது. 2019 மே மாதத்தில் கம்பெனி வழக்குகளை வாபஸ் வாங்கியது.

அதோடு விடவில்லை நம்மவர்கள். பதிவே செல்லாது என்று கவிதா குருகண்டி என்ற விவசாயிகள் உரிமை ஊழியர் டில்லியில் உள்ள ஆணையத்தில் மனுக் கொடுத்தார். 2021 டிசம்பர் 3-ந் தேதி ஆணையம் பதிவை ரத்துச் செய்தது. கம்பெனி டில்லி ஐகோர்ட்டுக்குப் போய், 2023 ஜூலையில் தனி நீதிபதியிடம் தோற்றது. ஆனால் 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டுக் கம்பெனிக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டது. ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவு செல்லுமா செல்லாதா என்பதுதான் அங்கே வழக்கு. 39-வது பிரிவை எந்த நீதிபதியும் அழிக்கவில்லை. அந்தப் பிரிவு இருந்தும் நான்கு பேர் கோர்ட் வாசலில் நிற்க நேர்ந்தது என்பதும், சங்கம் இல்லாவிட்டால் அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள் என்பதும்தான் நமக்கு விஷயம்.

இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். இவர் மீது யாரும் வழக்குப் போடவில்லை. ஆனாலும் இவர் கதைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டம், நாந்தேட் என்ற சிறு கிராமம். தாதாஜி கோப்ரகடே என்ற தலித் விவசாயி. ஒன்றரை ஏக்கர் நிலம். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்பு. 1983-ல் தன் வயலில் பட்டேல்-3 என்ற நெல் ரகத்துக்கு நடுவே சில கதிர்கள் வேறு மாதிரி நிற்பதைக் கண்டார். மற்றவர் கண்ணில் பட்டிருந்தால் களத்தில் கலந்து போயிருக்கும். அவர் தனியாக அறுத்து வைத்தார். தனியே விதைத்தார். காட்டுப் பன்றி தின்றுவிடாமல் முள்வேலி கட்டிக் காத்து, ஆண்டுக்கு ஆண்டு பொறுக்கிப் பொறுக்கி ஒரு சன்னரக அரிசியை உண்டாக்கினார். அந்தக் காலத்தில் எச்.எம்.டி. கடிகாரத்துக்கு ஏக மவுசு. அந்தப் பெயரே நெல்லுக்கும் நிலைத்துவிட்டது. எச்.எம்.டி. சோனா அரிசி என்று பல மாநிலங்களில் மூட்டை மூட்டையாக விற்றது. 1994-ல் அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் அவரிடமிருந்து 5 கிலோ விதை வாங்கிப் போனது. 1998-ல் பி.கே.வி. எச்.எம்.டி. என்று தன் பெயரைச் சேர்த்து வெளியிட்டது. ஆலைக்காரர் சம்பாதித்தார், அரிசி வியாபாரி சம்பாதித்தார். கோப்ரகடேவுக்குப் பாராட்டுப் பத்திரங்கள் வந்தன. 2005-ல் குடியரசுத் தலைவர் கையால் ஒரு விருதும் வந்தது. 2018 ஜூனில் வைத்தியச் செலவுக்குப் பிறர் உதவியை எதிர்பார்க்கும் நிலையில் அவர் காலமானார்.

அவர் கொடுத்தது 5 கிலோ. கேட்டார்கள், கொடுத்தார். நாமும் அப்படித்தான் கொடுப்போம். கொடுத்ததில் தப்பில்லை. யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று ஒரு காகிதம் அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

இப்போது ஆலைத் தோழர்களுக்கு வருகிறேன். விதை விவகாரத்துக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நீங்கள் நூற்கிற பஞ்சைக் கேளுங்கள், அது சொல்லும். 1968-ல் கோயம்புத்தூரில் வெளியான எம்.சி.யூ. 5, 1974-ல் அதே ஊரில் உருவான சுவின் ஆகியவை சர்க்கார் ஆராய்ச்சி நிலையங்கள் கொடுத்த ரகங்கள். சுஜாதா என்ற ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற மேற்கிந்தியத் தீவு ரகத்தையும் சேர்த்ததால் சுவின் என்று பெயர் வைத்தார்கள். நூறாம் நம்பருக்கு மேல் நூற்கிற பஞ்சு அது. அதன் விதைக்கு எந்தக் கம்பெனியும் கப்பம் வாங்கவில்லை. விவசாயி அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

2002-ல் பி.டி. பருத்தி வந்தது. காய்ப்புழுவை எதிர்க்கும் குணத்தை ஒரு கம்பெனி பருத்திக்குள் புகுத்தியது. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 3-வது பிரிவில் விதைக்கும் பயிருக்கும் காப்புரிமை கிடையாது என்று சொல்கிறது. ஆனால் உள்ளே புகுத்திய மரபணுவுக்குக் காப்புரிமை கேட்கலாம் என்று வாதம். இது பெரிய வழக்காகி, 2018-ல் டில்லி ஐகோர்ட் செல்லாது என்றது. 2019-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை நீக்கி மறுபடி விசாரிக்கச் சொன்னது. முடிவில் கம்பெனிகள் தங்களுக்குள் சமாதானம் ஆகிவிட்டன. வக்கீல்கள் பேசிக்கொண்டிருந்த அத்தனை ஆண்டும் விவசாயி பணம் கட்டிக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் 450 கிராம் கொண்ட ஒரு பை 1,600 ரூபாய்க்கு மேல். அதில் பெரும் பங்கு ராயல்டி. 2006-ல் ஆந்திர அரசு ஏகபோக வர்த்தகக் கமிஷனுக்குப் போன பிறகு 750 ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2016-ல் மத்திய சர்க்கார் ராயல்டியைப் பைக்கு 49 ரூபாயாக வெட்டியது. 2020-ல் அடியோடு நீக்கியது. அந்தக் குணத்தை எதிர்த்துப் பிழைக்கக் காய்ப்புழு பழகிக்கொண்டது தனிக் கதை.

இதில் சூட்சுமம் என்னவென்றால், கம்பெனிக்குச் சட்டமே தேவைப்படவில்லை. பி.டி. பருத்தியை அவர்கள் வீரிய ஒட்டு விதையாக மட்டுமே பெரும்பாலும் விற்றார்கள். ஒட்டு விதையில் விளைந்ததை எடுத்து மறுபடி விதைத்தால் தாய்ச் செடி மாதிரி வராது; ஒன்று உயரம், ஒன்று குட்டை, விளைச்சல் சரியும். ஆகவே ஆண்டுதோறும் கடைக்குப் போயே தீர வேண்டும். 39-வது பிரிவு கையில் இருக்கிறது. எடுத்து வைக்கத்தான் விதை இல்லை. இன்று நாட்டின் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த விதைதான். பழைய ரகங்களின் விதையை வீட்டில் வைத்திருப்பவரைத் தேட வேண்டியிருக்கிறது. பஞ்சு விலை ஏறினால் ஷிப்ட் குறைப்பு என்று உங்களிடம் சொல்கிறார்களே, அந்தக் கணக்கின் முதல் வரி இந்த விதைப் பையில் எழுதப்பட்டிருக்கிறது.

சாமையின் சங்கதி வேறு. அதன் பூ மிகச் சிறிது. தன் பூவின் மகரந்தத்தாலேயே அது சூல் கொள்கிறது. ஆகவே ஒட்டு விதை தயாரிப்பது லேசான காரியம் அல்ல. போட்ட விதை எதுவோ அதுவே விளையும். உங்கள் தாய்மார்கள் அறுவடைக்கு முன் கொல்லையில் நடந்து, நல்ல கதிராகப் பார்த்துத் தனியே அறுத்து, காயவைத்து, சாம்பல் கலந்து பானையில் வைப்பது எத்தனையோ தலைமுறையாகப் பலிப்பது இதனால்தான். சீக்கிரம் கதிர் வாங்குவது ஒன்று, மழை தவறினாலும் நிற்பது ஒன்று, தாமதமாக வந்தாலும் மாட்டுக்குத் தட்டை கொடுப்பது ஒன்று என்று இனம் பிரித்து வைத்திருப்பதும் அவர்களே. கொல்லிமலையில் வெள்ளப்பெருஞ்சாமை, சடஞ்சாமை, திரிகுலா சாமை என்று பெயர் சொல்லி எண்ணுகிறார்கள். விருத்தி செய்தவர் என்று சட்டம் சொல்கிற வார்த்தைக்கு நான் இவர்களைத்தான் முதலில் காட்டுவேன்.

ஆனால் ஒட்டு விதை செய்ய முடியாத பயிரில் ஆதாயம் பார்க்க நினைப்பவனுக்கு மிஞ்சுகிற வழி காகிதம்தான். ஒன்று ரகப் பதிவு, மற்றொன்று பிராண்ட், மூன்றாவது ஒப்பந்தம். முன்பு ஏழை தின்கிற தானியம் என்று யாரும் சாமையைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு, சர்க்கரை வியாதிக்காரர் வீட்டு அலமாரி வரை சாமை ஏறிவிட்டது. தமிழ்நாட்டு மலைகளின் சாமை நாசிக் ஆலைகள் வரை போய், உமி நீங்கி, பொட்டலமாகத் திரும்பி வருகிறது. விளைவித்தவன் கைக்கு வருவது என்ன என்று நீங்களே சொல்லுங்கள். அது போதாமல்தானே உங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கும் போகிறார்கள்? 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் போலீஸ் குண்டுக்குப் பலியான 20 பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள் என்பதை யாரும் மறக்கவில்லை.

விஞ்ஞானமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. திருவண்ணாமலை பக்கம் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இருக்கிறது. அங்கிருந்து ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகம் வந்திருக்கிறது. விளைச்சல் கூடும் என்றால் போட்டுப் பாருங்கள். ஒரு பகுதி நிலத்தில் போடுங்கள். பழைய விதையை விட்டுவிடாதீர்கள். மக்கள் வரிப்பணத்தில் உருவாகிற ரகம் மக்களிடம் விதையாகவே புழங்க வேண்டும், கம்பெனியின் பைக்குள் போகக்கூடாது என்று சர்க்காரிடம் கேட்க வேண்டியது நம் வேலை. 2025 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒரு விதை மசோதா வரைவை வெளியிட்டது. 1966-ம் ஆண்டு விதைச் சட்டத்துக்குப் பதிலாக வருவது அது. விவசாயி தன் விதையை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், பிராண்ட் பெயர் மட்டும் கூடாது என்று அதிலும் எழுதியிருக்கிறது. எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, இந்த மலையில் என்ன செய்வது? சட்டத்தின் 40-வது பிரிவு பழங்குடி மக்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. புது ரகம் பதிவு செய்ய வருகிறவர், பழங்குடி அல்லது கிராமக் குடும்பங்கள் பாதுகாத்த விதையைப் பயன்படுத்தியிருந்தால் அதை விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும்; மறைத்தால் விண்ணப்பத்தையே தள்ளலாம். 41-வது பிரிவின்படி ஒரு கிராம சமூகம் தன் பங்களிப்புக்கு ஈடு கேட்கலாம். 43-வது பிரிவோ, விவசாயிகளின் ரகத்திலிருந்து பிறப்பிக்கப்பட்ட ரகம் என்றால் அவர்கள் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்ல பிரிவுகள்தான். ஆனால், ‘இது எங்கள் விதை’ என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? தாய்மார்களின் நினைவில் இருக்கிறது. நினைவைக் கோர்ட் ஏற்காது.

ஆகையால் விவசாயிகளின் ரகமாக நாமே பதிவு செய்ய வேண்டும். விவசாயிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. தனி ஆள் பெயரில் வேண்டாம், ஊர்ச் சமூகத்தின் பெயரில் கேளுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அண்ணன் தம்பிக்குள்ளேயே பட்டாத் தகராறு வரும். 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு குழுவும், ஊரில் உள்ள செடி, பயிர், மூலிகை எல்லாவற்றையும் எழுதி வைக்கிற மக்கள் பதிவேடும் இருக்க வேண்டும். பல இடங்களில் அது அலமாரியில் தூங்குகிறது, அல்லது ஊரைப் பார்க்காத ஆள் எழுதியதாக இருக்கிறது. கிராம சபையில் எழுந்து, அந்தப் பதிவேட்டைப் படித்துக் காட்டு என்று கேளுங்கள். சாமை என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் விடாதீர்கள். எத்தனை இனம், ஒவ்வொன்றுக்கும் உங்கள் பேச்சில் என்ன பெயர், எத்தனை நாளில் அறுக்கிறீர்கள், எந்தச் சரிவில் நன்றாக வருகிறது, யார் யார் வீட்டில் விதை இருக்கிறது என்று எழுத வையுங்கள்.

விதை கேட்டு வருகிறவரை விரட்ட வேண்டாம். ஆராய்ச்சி மாணவரும் வருவார், தொண்டு நிறுவனமும் வரும், கம்பெனி ஆளும் மாணவர் மாதிரி வருவார். பெயர், ஊர், எதற்காக, எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி அவர் கையெழுத்தையும், கொடுத்த வீட்டுத் தாய்மாரின் கைநாட்டையும் வாங்குங்கள். அந்த நோட்டு தலைவர் வீட்டிலோ சங்கத்துக்காரன் வீட்டிலோ இருக்க வேண்டாம்; விதை வைத்திருக்கிற பெண்களில் ஒருவரிடம் இருக்கட்டும். ஆடி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எந்த எந்தக் குக்கிராமத்தில் எந்த இனம் ஒரே ஒரு வீட்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று முதலில் கணக்கெடுப்போம். அந்த வீட்டு விதையில் ஒரு படி வாங்கி இன்னும் மூன்று கொல்லையில் போட வேண்டும்.